இருபத்தாறு மீட்டர்

நில அளவை அலுவலகத்தில் அவனைச் சங்கிலி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் நடந்தவன். இப்போது நாற்பத்தாறு வயதில் தனி மேசை, சுழல் நாற்காலி, கையெழுத்துப் போடும் அதிகாரம் எல்லாம் வந்துவிட்டன. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவன் எழுதிய அளவுப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது என்று மேலதிகாரிகளே சொல்வார்கள். அவனும் அதைக் கேட்காதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பான்.

அவன் மனைவிக்கு ஒரே தங்கை. அந்தத் தங்கையின் கணவர் பல் டாக்டர். சகலை என்று உரிமையோடு கூப்பிட வேண்டிய மனிதரைச் சங்கிலி இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏழு வயது இளையவர்தான். ஆனாலும் ‘டாக்டர்’, ‘நீங்க’ என்று எட்டவே நிறுத்தி வைத்திருந்தான்.

டாக்டர் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் பெரிய தொல்லை. கெடுதல் செய்திருந்தால் வாய்விட்டுத் திட்டலாம். இவரோ பார்க்கும்போதெல்லாம் “அண்ணா, அண்ணா” என்று வாஞ்சையாக வருவார். எறும்பு போல இளைத்த உடம்பு, எப்போதும் சிரித்த முகம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிடக் கூடுவார்கள். சங்கிலி உள்ளே நுழைந்தால் மாமனார், “வாங்க மாப்பிள்ளை” என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொல்வார். சின்ன மாப்பிள்ளை நுழைந்தால் செய்தித்தாள் மடங்கிவிடும். மாமனாருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். அந்தப் பல்லும் சின்ன மாப்பிள்ளை கட்டிக் கொடுத்த பல்!

அந்த வருஷம் சங்கிலிக்கே கடைவாய்ப் பல் ஒன்று வலித்து உயிரை வாங்கியது. டாக்டரின் கிளினிக் அவன் வீட்டிலிருந்து நாலே தெரு. அவனோ இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு பல் டாக்டரிடம் போய், மூன்று மணி நேரம் காத்திருந்து, பிடுங்கிக்கொண்டு வந்தான். மனைவி கேட்டதற்கு, “தானா விழுந்துடுச்சு” என்றான்.

“கடைவாய்ப் பல்லா? தானாவா?”

“ஆமா. சில பேருக்கு அப்படித்தான்.”

இந்த நிலைமையில்தான் குகை வந்தது.

குகையைக் கண்டுபிடித்தவன் சங்கிலி. காட்டு எல்லைக் கற்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தான். கரையிலிருந்து கொஞ்சம் மேலே சுண்ணாம்புப் பாறைச் சரிவு. மரங்கள் வெயிலை உள்ளே விடாமல் அடைத்துக்கொண்டு நின்றன. நடந்த களைப்பில் ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். காற்றே இல்லை. ஆனால் அவன் பிடரியில் மட்டும் யாரோ குளிர்ந்த வாயால் ஊதுவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால், சுற்றிலும் எந்த இலையும் அசையாதபோது ஒரே ஒரு கொத்துக் கொடி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. கொடியை விலக்கினான். இடுப்பளவு உயரத்தில் ஒரு துவாரம். கைபேசி வெளிச்சத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நாலைந்து மீட்டர் தவழ்ந்து போனான். உள்ளே ஈரமும் மண்ணும் கலந்த வாசம். எங்கோ சொட்டு விழும் சத்தம். எந்தப் படத்திலும் இல்லாத இடம் அது. இருபத்து நாலு வருஷமாக மற்றவர்களின் நிலத்தையே அளந்து கொண்டிருந்தவனுக்கு, இது எனக்கு என்று தோன்றியது. வெளியே வந்து கொடியைப் பழையபடி இழுத்து மூடினான்.

விஷயத்தை மனைவியிடம் மட்டும்தான் சொன்னான். கைகால் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் தங்கைக்குப் போன் பண்ணிவிட்டாள். அவன் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் போனும் அடித்தது.

“அண்ணா! குகையாமே! எங்க கிளப்ல ஹெல்மெட் இருக்கு, கயிறு இருக்கு, தலை விளக்கு இருக்கு. எப்பப் போலாம்?”

டாக்டர் விடுமுறை நாட்களில் பாறை ஏறும் கூட்டத்தில் ஒருவர். சங்கிலி மனைவியைப் பார்த்த பார்வையில் சோறே கருகியிருக்கும்.

“என்னங்க முறைக்கிறீங்க? நல்ல விஷயம்தானே சொன்னேன்?”

தனியாகப் போய்விடலாம் என்று அவன் வனச்சரகரிடம் அனுமதி கேட்டுப் பார்த்தான். வனச்சரகர் ஒப்புக்கொள்ளவில்லை. “ரெண்டு பேராவது போகணும் சார். ஒருத்தராவது கயிறு தெரிஞ்சவரா இருக்கணும். ஆனா கண்டிப்பா அளந்து படம் போட்டுக் குடுங்க. அந்தப் பக்கம்தான் நடைபாலம் வரப்போகுது. அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்.” அக்கரையில் முப்பது நாற்பது குடும்பங்கள் இருந்தன. மழைக்காலத்தில் அவர்களுக்கு ஆற்றைக் கடக்க வழி இல்லை. பாலத்துக்கு அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது.

வேறு வழியில்லாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள்.

முதல் ஒரு மணி நேரம் சங்கிலி ராஜாவாக இருந்தான். டேப்பை எங்கே பிடிக்க வேண்டும், திசைகாட்டியை எப்படிக் கண்ணுக்கு நேராக வைக்க வேண்டும், சரிவை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். டாக்டர் நல்ல மாணவனாக “சரிண்ணா, சரிண்ணா” என்று கேட்டுக்கொண்டார். ஒருவர் அளவைச் சொன்னால் எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் எழுத வேண்டும் என்ற விதியையும் சொன்னான். பாறையில் சாக்குக்கட்டியால் ஒன்று, இரண்டு என்று புள்ளி வைத்துக்கொண்டே தவழ்ந்தார்கள். வாசலிலிருந்து பதினெட்டு மீட்டர் தாண்டியபோது ஏழாவது புள்ளி. அங்கே சுவர்கள் இரண்டும் நெருங்கி வந்து ஒரு இடுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. அந்தக் குளிர்ந்த காற்று அதற்குள்ளிருந்துதான் வந்தது.

“நான் போறேன்” என்றான் சங்கிலி. கண்டுபிடித்தவன் அல்லவா.

தலை போனது. ஒரு தோள் போனது. மூச்சை இழுத்துப் பிடித்து நெஞ்சையும் நுழைத்துவிட்டான். வயிறு மட்டும் முடியாது என்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கை இரண்டும் முன்னால் நீண்டு கிடக்க, விளக்கு வெளிச்சத்தில் எதிரே இருட்டு மட்டும் தெரிந்தது. நெஞ்சு படபடவென்று பாறையில் அடித்தது.

“அண்ணா, பதறாதீங்க. மூச்சை முழுசா வெளிய விடுங்க. நான் இழுக்கிறேன்.”

டாக்டர் அவன் கணுக்கால் இரண்டையும் பிடித்து, ஆட்டி ஆட்டி, வெளியே இழுத்தார். சட்டைப் பொத்தான் மூன்று தெறித்தது. வயிற்றில் தோல் உரிந்தது. பல் பிடுங்குகிற மாதிரி பிடுங்கிவிட்டான் பாவி என்று நினைத்துக்கொண்டான்.

“உங்க தப்பில்லண்ணா. பாறை அப்படி அமைஞ்சிருக்கு” என்று டாக்டர் ஆறுதல் வேறு சொன்னார்.

அப்புறம் டாக்டர் தூரம் அளக்கும் லேசர் கருவியைப் பையில் செருகிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டு, பக்கவாட்டில் படுத்து, ஊசிக்குள் நூல் நுழைவது போல நுழைந்து போய்விட்டார். பாதங்கள் மறைந்தன.

“அண்ணா…”

“என்ன?”

“ஐயோ அண்ணா!”

சங்கிலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னாச்சு? அடி பட்டுடுச்சா?”

“இல்லண்ணா… எப்படிச் சொல்றதுன்னே தெரியல. பெரிய கூடம் அண்ணா. சினிமா தியேட்டர் மாதிரி. தூணு தூணா வெள்ளையா நிக்குது. கீழ தண்ணி, கண்ணாடி மாதிரி. என் விளக்கு அதுல தெரியுது. நீங்க பாக்கணும் அண்ணா! நீங்கதான் முதல்ல பாத்திருக்கணும்!”

பார்க்க வேண்டுமாம். சங்கிலி ஈர மண்ணில், பொத்தான் இல்லாத சட்டையோடு, மடியில் அளவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் ஒரு சாண் இடுக்கு. அதற்கு அந்தப் பக்கம் அவனுடைய கூடம். அதற்குள் வேறொருவர் நின்றுகொண்டு ஆகா ஓகோ என்கிறார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கதைதான் ஓடும். மாமனார் செய்தித்தாளையே தொட மாட்டார். மச்சினி கண்ணை விரித்துக் கேட்பாள். அவன் பிள்ளைகளே சித்தப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘அண்ணன்தான் கண்டுபிடிச்சார்’ என்று டாக்டர் பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சேர்ப்பார். அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்குத் தாங்காது.

“அண்ணா, எழுதிக்கிறீங்களா? ஏழாம் புள்ளியிலேர்ந்து கடைசிச் சுவர். ஆத்துப் பக்கமாப் போகுது. லேசர்ல இருபத்தாறு புள்ளி நாலு.”

“இருபத்தாறு புள்ளி நாலு” என்று வாய் திருப்பிச் சொன்னது. கை பதினாறு புள்ளி நாலு என்று எழுதியது.

எழுதிய பிறகு அவனே அதைப் பார்த்தான். அடிக்கவில்லை. அவன் புத்தகத்தில் அடித்தல் கிடையாதே. அகலம் சொன்னபோது நாலு மீட்டரைக் கழித்தான். உயரம் சொன்னபோது மூன்று. தையற்காரன் துணியைத் திருடுவது போல ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டிக்கொண்டான். டாக்டர் திரும்பி வந்தபோது அவர் முகமெல்லாம் சேறும் சிரிப்புமாக இருந்தது. சங்கிலி புத்தகத்தை உறைக்குள் போட்டு மூடினான்.

பத்து நாளில் படம் தயாராகிவிட்டது. அழகான படம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு மேசையில் அதை விரித்து வைத்தான். அதற்குள் டாக்டர் சினிமா தியேட்டர் கதையை இரண்டு தடவை சொல்லி முடித்திருந்தார்.

மாமனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “எங்க மாப்பிள்ளை அந்தத் தியேட்டர்?”

சங்கிலி விரலை வைத்தான்.

“இதா? அளவுகோல் என்ன சொல்லுது… பதினாறு மீட்டர். உயரம் அஞ்சு. ஏம்ப்பா சின்ன மாப்பிள்ளை, தியேட்டர்னு சொன்னீங்களே, இது டிக்கெட் குடுக்கிற கூண்டு மாதிரில்ல இருக்கு?”

வீடே சிரித்தது. மச்சினி, “இவர் எப்பவும் இப்படித்தான்ப்பா, பூனையப் பாத்தா புலிம்பார்” என்று கணவரின் தோளில் தட்டினாள். டாக்டரும் சிரித்தார். ஆனால் படத்தை விட்டு அவர் கண் எடுபடவில்லை.

“பதினாறா அண்ணா? எனக்கு இன்னும் பெருசுன்னு ஞாபகம்.”

“இருட்டுல எல்லாமே பெருசாத்தான் தெரியும் டாக்டர்” என்றான் சங்கிலி.

அன்றைக்கு மாமனார் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “என்ன இருந்தாலும் தொழில் தெரிஞ்சவன் கை தனிதான்” என்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. சங்கிலிக்கு வயிறு நிறைந்து போயிற்று. ராத்திரி படுக்கும்வரை அந்த வார்த்தையை நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை வனச்சரகர் இருவரையும் ஆற்றங்கரைக்கு வரச் சொன்னார். பாலத்துக்கான இன்ஜினியர் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி, தொப்பியும் முழங்கால்வரை பூட்சும் போட்டிருந்தார். கையில் சங்கிலியின் படம். கரையோரம் உயர்ந்து நின்ற பாறையில் சிவப்புத் துணி கட்டிய நாலு முளைகள் அடித்திருந்தார்கள்.

“ரொம்பச் சுத்தமான படம் சார்” என்றார் இன்ஜினியர். “இங்கதான் பாலத்தைத் தாங்குற கம்பிவடத்துக்கு நங்கூரக் கட்டை வரும். பாலத்தோட மொத்த இழுவையும் இந்தப் பாறைதான் தாங்கணும். உங்க படத்துப்படி குகை இதுக்கு எட்டு மீட்டர் முன்னாடியே முடிஞ்சிடுது. அடியில எல்லாம் கெட்டிப் பாறை. திங்கக்கிழமை துளை போட ஆரம்பிக்கிறோம்.”

சங்கிலி மனதுக்குள் கோடு இழுத்துப் பார்த்தான். இருபத்து நாலு வருஷப் பழக்கம். அதற்குப் பேப்பர் வேண்டியதில்லை. அவன் நின்றுகொண்டிருந்த இடத்துக்குக் கீழே இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று மீட்டர் பாறை. அதற்கும் கீழே வெறும் இருட்டு. கால் தானாக ஓரடி பின்னால் எடுத்து வைத்தது.

டாக்டர் தயங்கித் தயங்கிப் பேசினார். “மேடம், எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கடைசிச் சுவர்ல காது வச்சப்போ ஆத்துச் சத்தம் ரொம்பக் கிட்டக் கேட்டுச்சு. படத்துல அந்தச் சுவருக்கும் ஆத்துக்கும் இவ்வளவு தூரம் இருக்கே…”

“உள்ளே அளந்தது நீங்கதானே டாக்டர்?”

“நான்தான்.”

“அப்போ அளவு தப்புங்கிறீங்களா?”

டாக்டர் சங்கிலியைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். “தப்புன்னா நான்தான் தப்பாப் படிச்சிருப்பேன் மேடம். நான் வெறும் பல் டாக்டர். அண்ணன் எழுதினதுல தப்பு இருக்காது.”

இன்ஜினியர் எரிச்சலோடு படத்தைச் சுருட்டினார். “சந்தேகம் இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கணும். ஆர்வக் கோளாறுல குகைக்குள்ள போறவங்க நம்பரை நம்பித்தான் நாங்க பாலம் கட்ட வேண்டியிருக்கு.”

டாக்டர் காது சிவக்க நின்றார். பதினோரு வருஷமாகச் சங்கிலி ஆசைப்பட்ட காட்சி இதுதான். நாலு பேருக்கு முன்னால் அந்தச் சிரித்த முகம் தொங்கிப் போக வேண்டும். அது இதோ கண்ணெதிரே நடந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு வாயெல்லாம் கசந்தது. ஆனால் அந்த வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை இன்ஜினியரின் அலுவலகத்துக்குப் போனான். வழியெல்லாம் யோசித்து ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருந்தான்.

“மேடம், எதுக்கும் ஒரு தடவை மறுபடி அளந்துடலாம். நேத்து டாக்டர் சொன்னதுல எனக்கும் சந்தேகம் வந்துடுச்சு.”

“தாராளமா. ஆனா மிஷின் வந்து இறங்கிடுச்சு. நிறுத்தணும்னா மேல காரணம் சொல்லணும். எழுத்துல குடுங்க.” ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினார். “டாக்டர் அளவைத் தப்பாப் படிச்சிட்டார்னு ரெண்டு வரி எழுதி, கையெழுத்துப் போடுங்க. போதும்.”

சங்கிலி பேனாவை எடுத்தான். ‘குகையின் உட்புற அளவுகளைப் பதிவு செய்தபோது, உடன் வந்த பல் மருத்துவர்’ என்பதுவரை மணிமணியாக எழுதினான். அதற்கு மேல் கை ஓடவில்லை. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. இன்ஜினியர் வேறு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் அவசரப்படுத்தவே இல்லை. அவசரப்படுத்தியிருந்தால் ஒருவேளை எழுதி முடித்திருப்பான்.

அந்த வரியை அடித்தான். ஒன்றுக்கு இரண்டு கோடு போட்டு அடித்தான். அதற்குக் கீழே, ‘பல் மருத்துவர் அளவுகளைச் சரியாகவே சொன்னார். நான் தெரிந்தே குறைத்து எழுதினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

இன்ஜினியர் இரண்டு தடவை படித்தார். “தெரிஞ்சேன்னா?”

“தெரிஞ்சேதான் மேடம்.”

“இதை நான் உங்க ஆபீசுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.”

“அனுப்புங்க.”

அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். சங்கிலி எழுந்து நேரே டாக்டரின் கிளினிக்குக்கு நடந்தான். காகிதத்தில் எழுதியாயிற்று. அது ஊர் சுற்றி டாக்டர் காதுக்குப் போவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும்.

டாக்டர் வேலையில் இருந்தார். நாற்காலியில் ஒரு பெரிய மீசைக்காரர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். வாய்க்குள் பஞ்சு, உறிஞ்சு குழாய், இன்னும் என்னென்னவோ.

“என்னண்ணா, பல் வலியா? உக்காருங்க, பத்து நிமிஷம்.”

உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். நின்றபடியே சொன்னான். “நீங்க இருபத்தாறுன்னுதான் சொன்னீங்க. நான் பதினாறுன்னு எழுதினேன். அகலமும் உயரமும் அப்படித்தான். வேணும்னே பண்ணினேன்.”

டாக்டரின் கை அப்படியே நின்றது. மீசைக்காரரின் கண்கள் வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை உருண்டன.

“ஏன்?”

“பொறாமை.”

இந்த வார்த்தையை அவன் இதற்கு முன்னால் தன்னிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

“ஆ…” என்றார் மீசைக்காரர்.

“நீங்க சும்மா இருங்க சார், பஞ்சு நகருது” என்றார் டாக்டர். சங்கிலியின் பக்கம் திரும்பவில்லை. “வெளிய இருங்க. முடிச்சிட்டு வர்றேன்.”

பத்து நிமிஷம் என்றது முக்கால் மணி நேரம் ஆயிற்று. மீசைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போகும்போது சங்கிலியை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து கதவருகே நின்றார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லாமல் சங்கிலி பார்த்தது அன்றுதான்.

“ரெண்டு மாசமா நான் என் கண்ணையே சந்தேகப்பட்டேன், தெரியுமா? பல்லுக்கு வேர் அளவு எடுக்கும்போது ஒண்ணுக்கு மூணு தடவை எக்ஸ்ரே எடுக்கிறேன். இருபத்தாறைப் பதினாறுன்னு படிக்கிற ஆள் இன்னொருத்தர் வாயில எப்படிக் கை வைக்கிறதுன்னு ஒரு நாள் கிளினிக்கே திறக்கல. வீட்ல சொல்லல. யார்கிட்டயும் சொல்லல.”

சங்கிலி நாற்காலியை விட்டு எழுந்தான்.

“எங்கிட்ட அப்படி என்னத்தப் பாத்துப் பொறாமைப்பட்டீங்க?”

என்னவென்று சொல்வது? செய்தித்தாள் மடங்குவதையா? “நான் கண்டுபிடிச்ச குகை. நான் உள்ள போக முடியல. நீங்க போய்ட்டீங்க” என்றான்.

“அவ்வளவுதானா?”

“இல்ல. இன்னும் இருக்கு. சொன்னா சின்னப்பிள்ளைத்தனமா இருக்கும்.”

“இப்போ பண்ணினது மட்டும் பெரிய மனுஷத்தனமா?” என்று கேட்டுவிட்டு டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளந்தார்கள். டாக்டர் வரமாட்டார் என்றுதான் சங்கிலி நினைத்தான். வந்தார். இன்ஜினியரிடம் மட்டும் பேசினார். “உள்ள நான் போறேன் மேடம். எழுதறது நீங்களா இருக்கணும்.” இன்ஜினியர் ஏழாம் புள்ளிவரை தவழ்ந்து போய், இடுக்கருகே புத்தகத்தோடு உட்கார்ந்தார். சங்கிலிக்குக் கிடைத்த வேலை வாசலில் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டிருப்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் செய்தது போல.

உள்ளேயிருந்து குரல் தேய்ந்து வந்தது. “இருபத்தாறு புள்ளி நாலு.”

“இருபத்தாறு புள்ளி நாலு” என்றார் இன்ஜினியர்.

ஒரு நூல்கூட மாறவில்லை. டாக்டர் வெளியே வந்து, கரையில் உட்கார்ந்து, முகத்தைக் கழுவினார். வெகு நேரம் கழுவினார். இன்ஜினியர் சிவப்புத் துணி முளைகளைப் பிடுங்கச் சொல்லிவிட்டு மேல்பக்கமாக நடந்து இடம் தேடத் தொடங்கினார். முப்பது மீட்டர் தள்ளிக் கெட்டிப் பாறை கிடைத்தது. பாலம் அங்கே வந்தது.

சங்கிலியை அலுவலகத்தில் வெளிவேலையிலிருந்து எடுத்துப் பழைய வரைபடக் கட்டுகள் அடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். சம்பள உயர்வும் நின்றது. அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. மாமனார் வீட்டில் நடந்ததுதான் பெரிது. விஷயம் தெரிந்த அன்று மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். மச்சினிதான் வெடித்தாள். “பூனையப் பாத்து புலிம்பார்னு நானே அவரைக் கிண்டல் பண்ணினேனே மாமா! என்னையும் சேர்த்துல்ல பொய் பேச வச்சிட்டீங்க!” அதன்பிறகு மூன்று மாதம் அவள் அவனோடு பேசவில்லை. மனைவி பேசினாள், ஆனால் தேவைக்கு மட்டும்.

படத்தைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது. அவ்வளவு நேர்த்தியாக வரைய அலுவலகத்தில் வேறு ஆள் இல்லாததால் அதுவும் அவன் தலையில்தான் விழுந்தது. கூடத்தை இருபத்தாறு மீட்டருக்கும் இழுத்தான். தூண்கள் எங்கே, தண்ணீர் எங்கே என்று குறிக்க டாக்டரைக் கேட்டாக வேண்டும். போன் பண்ணினான். டாக்டர் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். எத்தனை தூண்? ஒன்பது. எந்தப் பக்கம்? இடது. தண்ணீர் ஆழம்? முழங்கால். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நாலைந்து தடவை இப்படி நடந்தது.

படம் முடியும் தறுவாயில் ஒரு மாலை டாக்டரே அலுவலகத்துக்கு வந்தார். கட்டுகளுக்கு நடுவே இருந்த மேசைக்கு வந்து, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். சங்கிலி எழுந்து நின்றான்.

“இந்தத் தூண் இவ்வளவு குண்டு இல்ல. நடுவுல மெலிஞ்சு போகும். இதுக்குப் பின்னாடி ஒரு திரை மாதிரி பாறை தொங்குது, அதை நான் சொல்லவே இல்ல. விளக்கை அதுக்குப் பின்னாடி வச்சா, அண்ணா, விரல் தெரியும். அவ்வளவு மெல்லிசு. ஆரஞ்சு கலர்ல, உள்ள ரத்தம் ஓடுற மாதிரி…”

சொல்லிக்கொண்டே போனவர், யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்தவர் போலச் சட்டென்று நிறுத்தினார்.

சங்கிலிக்கு அந்தப் பழைய எரிச்சல் கிளம்பியது. குறையவே இல்லை, அப்படியே இருந்தது. அந்தத் திரையைத் தன் கண்ணால் இந்த ஜன்மத்தில் பார்க்கப் போவதில்லை. இவர் பார்த்துவிட்டார், நாளைக்கும் போய்ப் பார்ப்பார்.

“எவ்வளவு அகலம் இருக்கும் சகலை, அந்தத் திரை?” என்று கேட்டான்.

டாக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். சிரிக்கவில்லை. “ஒண்ணரை மீட்டர்” என்றார்.

“ஒண்ணரை மீட்டர்” என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் சங்கிலி பென்சிலை எடுத்தான்.